செங்கோட்டை எல்லைக்கு ஓர் இரங்கல்

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே இருந்த எல்லை 1956 நவம்பர் 1, வியாழக்கிழமை மறைந்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் வாழ்ந்த எல்லை அது. பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா, கொட்டாரக்கரையை மையமாகக் கொண்ட இளையிடத்துச் சொரூபம் என்ற சிற்றரசைத் தன் அரசோடு சேர்த்துக்கொண்டார். அந்தச் சொரூபத்துக்கு மலையின் கிழக்கிலும் கொஞ்சம் நிலம் இருந்தது. அதுதான் செங்கோட்டை. இப்படி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பாலிருந்த திருவிதாங்கூருக்கு மலைக்கு இப்பால் ஒரு தமிழ்த் தாலுகா கிடைத்தது. பெரும்பாலும் மலையே எல்லை. இங்கே எல்லை ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கீழே இறங்கி, வயல்வெளிக்கு நடுவே வந்து நின்றுகொண்டது.

இரண்டு ஊருக்கும் ஏழெட்டு கிலோமீட்டர் தூரம்தான். ஒரே பேச்சு, ஒரே நெல், ஒரே சாரல். பெண் கொடுப்பதும் எடுப்பதும் எல்லையைப் பார்த்து நடந்ததில்லை. ஆனால் ஆட்சி வேறு. தென்காசிச் சந்தையில் அணாக் கணக்கு. செங்கோட்டையிலோ 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். அந்த ரூபாயும் பிரிட்டிஷ் ரூபாயும் ஒரே மதிப்புடையவை அல்ல. கடிதம் கொண்டுபோகத் திருவிதாங்கூருக்கென்று தனி அஞ்சல் துறை இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் 1951 வரை அது நடந்தது. செங்கோட்டையின் நுழைவு வளைவில் சமஸ்தானத்தின் சங்கு முத்திரையைப் பொறித்து வைத்தார்கள், வருகிறவர் யாருடைய மண்ணில் கால் வைக்கிறார் என்று தெரிவதற்காக.

இந்த எல்லையை முழுக்கப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அது சில காலம் நல்லதும் செய்தது. இந்திய சமஸ்தானங்களிலேயே முதன்முதலாகச் சட்டசபை கண்டது திருவிதாங்கூர், 1888இல். 1904இல் ஸ்ரீமூலம் பிரஜா சபை வந்தபோது தாலுகாக்களிலிருந்து ஆட்கள் தலைநகருக்குப் போய்த் தங்கள் குறைகளை திவானிடம் நேரில் சொன்னார்கள். நிலமும் வணிகமும் உள்ளவர்களின் சபைதான் அது. ஆனாலும் ஒரு சிறு தாலுகாவின் குரல் ஆள்பவரின் காதில் விழ ஒரு வழி இருந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. அன்று முதல், செங்கோட்டைப் பக்கத்து அரசுக் கோயில்களில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் சட்டத்தின் துணையோடு உள்ளே போகலாம். எல்லைக்கு இந்தப் பக்கம், சென்னை மாகாணத்தில், அதற்கான சட்டப் பாதுகாப்பு 1939இல்தான் வந்தது. குற்றாலநாதரைக் கும்பிட முடியாத ஒருவர் நடக்கிற தூரத்தில் இன்னொரு அரசின் கோயிலுக்குள் நுழைய முடிந்தது. அந்த மூன்று ஆண்டுகளின் மதிப்பு, வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

தேசத்தின் பெரிய கதைக்குள்ளும் இந்த எல்லை உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் செங்கோட்டைக்காரர். புனலூரில் வனத்துறை வேலை பார்த்தவர். வெள்ளைக்காரரின் நேரடி ஆட்சிக்கு உட்பட்ட மண் அல்ல அவர் பிறந்த மண். மன்னரின் பிரஜை ஒருவர் எல்லை தாண்டி வந்து பிரிட்டிஷ் கலெக்டரைக் கொன்றார் என்பதை மனதில் வைத்துப் படித்தால் அந்தச் சம்பவத்தின் கனம் இன்னும் கூடும்.

ரயிலையும் சொல்ல வேண்டும். திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் குடைந்து, பதிமூன்று கண் பாலத்தைக் கடந்து, புனலூர் வழியே கொல்லம் போகும் மீட்டர் கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டது. கொல்லத்தை வெளியுலகோடு இணைத்த முதல் ரயில் பாதை இதுதான். எர்ணாகுளம் பக்கமிருந்து கோட்டயம் வழியாகக் கொல்லத்துக்கு ரயில் வந்து சேர்ந்தது 1958இல். நாகர்கோவிலுக்கு ரயில் வர அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. ஆகவே அரை நூற்றாண்டு காலம் கொல்லத்தில் ரயில் ஏறியவர் எவரும் செங்கோட்டையையும் தென்காசியையும் கடக்காமல் இந்தியாவின் மற்ற பகுதிக்கு ரயிலில் போயிருக்க முடியாது. 1947இல் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும்.

எல்லையைக் கொன்றது ஓர் அச்சம். எழுதப்படவிருந்த ஓர் அரசியலமைப்பைப் பற்றிய அச்சம்.

1946 சனவரியில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஓர் அரசியல் சீர்திருத்தத்தை அறிவித்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை, சட்டமன்றம், எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாகம் மன்னர் நியமிக்கும் திவானிடமே இருக்கும். சட்டமன்றம் அவரை நீக்க முடியாது; அவரும் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் காங்கிரஸுக்குக் கட்டுப்படாமல் நிர்வாகம் நடத்துவதைப் போல என்று விளக்கம் தரப்பட்டது. அதனால் அதற்கு 'அமெரிக்கன் மாடல்' என்றே பெயர் விழுந்தது. அமெரிக்கத் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், திவானை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்கப் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. கயிறு திரிக்கும் தொழிலாளர்களும் வயலில் வேலை செய்தவர்களும் கேட்டார்கள். அமெரிக்கன் மாடலை அரபிக் கடலில் எறிவோம் என்பது ஆலப்புழைப் பக்கத்துக் கோஷம். அதே ஆண்டு அக்டோபர் 24 முதல் 27 வரை புன்னப்பிராவிலும் வயலாரிலும் சமஸ்தானப் படை சுட்டதில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. நூற்றுக்கணக்கில் என்பதில் இல்லை. ஓர் அரசியலமைப்புத் திட்டத்தை எதிர்த்து மக்கள் இந்த அளவுக்கு உயிர் கொடுத்த இன்னொரு சம்பவம் இந்திய வரலாற்றில் எனக்குத் தெரிந்து இல்லை. கூலியும் பஞ்சமும் அதில் சேர்ந்தே இருந்தன. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. தன் அரிசித் தேவையை வெளியிலிருந்து நிரப்பிப் பழகிய திருவிதாங்கூர் அதிலிருந்து மீளவே இல்லை.

தமிழ்த் தாலுகாக்களின் அச்சத்துக்கு இன்னொரு அடுக்கும் இருந்தது. திவான் தமிழர்தான், வந்தவாசியில் பிறந்தவர். அதனால் ஆறுதல் கிடைக்கவில்லை. சுமார் 60 லட்சம் பேர் கொண்ட சமஸ்தானத்தில் தமிழர் சிறுபான்மை. திவானின் மாடல் நிலைத்தால் யாருக்கும் அதிகாரம் இல்லை. அது தோற்று, பொறுப்பாட்சி வந்தால் பெரும்பான்மைக்கு அதிகாரம். பள்ளியில் எந்த மொழி, கச்சேரியில் எந்த மொழி, வேலை யாருக்கு, நாஞ்சில் நாட்டு நெல்லும் செங்கோட்டை நெல்லும் யார் கணக்கில் போகும்? இவற்றுக்கு இரண்டு திட்டங்களிலும் எழுத்துபூர்வமான பதில் இல்லை. 1945இல் நாகர்கோவிலில் சாம் நத்தானியேல் முன்னின்று தொடங்கிய தமிழர் அமைப்பு, 1946இல் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஆனது. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பது அதன் கோரிக்கை. செங்கோட்டையில் அதன் முகமாக இருந்தவர் கே. சட்டநாத கரையாளர். பின்னாளில் அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய நேசமணி வந்து சேர்ந்தது 1947இல்.

1947 பிப்ரவரி 20இல் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி இந்தியாவைவிட்டு வெளியேறும் அறிவிப்பைச் செய்தார். ஜூன் 3இல் பிரிவினைத் திட்டம் வந்தது. ஜூன் 11ஆம் தேதி, பிரிட்டிஷ் மேலாதிக்கம் முடிந்ததும் திருவிதாங்கூர் தனி சுதந்திர நாடாகும் என்று சி.பி. அறிவித்தார். ஜின்னா வரவேற்றார். பாகிஸ்தானுக்குத் திருவிதாங்கூரின் பிரதிநிதி என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். கடற்கரை மணலில் இருந்த மோனசைட்டும் அதிலுள்ள தோரியமும் லண்டன் வரை பேசப்பட்டன. காந்தி தன் பிரார்த்தனைக் கூட்டங்களில் இந்த அறிவிப்பைக் கண்டித்தார்.

குற்றாலத்தில் சாரல் தொடங்கும் நாட்கள் அவை. அந்த ஜூன் மாதத்துச் செங்கோட்டையை மனதில் கொண்டுவந்து பார்க்கிறேன். தென்காசிக்காரருக்கு ஒரு அரசியலமைப்பு டெல்லியில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. 1946 டிசம்பர் 9 முதல் கூடிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்துப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். செங்கோட்டைக்காரருக்கு அங்கே ஆள் இல்லை. அவருக்கான சட்டம் திவான் கச்சேரியில் இருக்கிறது. ஆகஸ்ட் 15 விடிந்தால் ஐந்தருவிக்குக் குளிக்கப் போவது வெளிநாட்டுப் பயணமாகுமா? தென்காசி மண்டியில் நெல் போட்டால் அது ஏற்றுமதியா? ஒரு சுதந்திர நாட்டின் ரயில் வாசலாக நம் ஊர் நிலையம் மாறினால், இந்தியா அந்த வாசலை அடைத்தால், முதலில் பட்டினி கிடப்பது யார்? யாரும் பதில் சொல்லாத கேள்விகள் இவை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று எவரும் இல்லாததுதான் அந்தத் திட்டத்தின் இயல்பே.

இதை வீண் பயம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது பயமாகப் படவில்லை, படித்தறிதலாகவே படுகிறது. ஓர் ஆவணத்தில் தங்கள் பெயர் இல்லை என்பதை மக்கள் ஆவணம் அமலாவதற்கு முன்பே படித்துவிட்டார்கள்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் நினைவு இசைவிழாவுக்கு வந்த சி.பி.யை கே.சி.எஸ். மணி என்ற இளைஞர் வெட்டினார். திவான் பிழைத்தார், திட்டம் பிழைக்கவில்லை. சில நாட்களில், ஜூலை 30 அன்று, மன்னர் சித்திரைத் திருநாள் இந்திய யூனியனில் சேரச் சம்மதம் தெரிவித்தார். ஆகஸ்டில் சி.பி. பதவியைவிட்டுப் போனார். செங்கோட்டை எல்லை சர்வதேச எல்லையாகாமல் தப்பியது.

ஆனால் அச்சத்தின் இரண்டாவது அடுக்கு அப்படியே இருந்தது. 1948இல் வயது வந்தோர் வாக்குரிமையோடு தேர்தல் நடந்து, திவானின் சிறையில் கிடந்த பட்டம் தாணு பிள்ளை பிரதமரானார். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 14 இடங்களில் வென்றது. ஜனநாயகம் வந்துவிட்டது, இனி என்ன குறை என்று கேட்டவர்களுக்கு 1954 ஆகஸ்ட் 11 பதில் சொன்னது. அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர் மீது போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அப்போது முதலமைச்சர் அதே பட்டம் தாணு பிள்ளை. திவானின் துப்பாக்கியை எதிர்த்துப் பொதுவாழ்க்கை நடத்தியவர். அவர் ராஜினாமா செய்ய வேண்டும் என்று கேட்டவர் அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா. பட்டம் கேட்கவில்லை. லோகியாவின் பக்கமே நியாயம் என்பது என் துணிபு. வாக்குப் பெட்டி வந்துவிட்டதால் சிறுபான்மையின் கேள்வி தீர்ந்துவிடாது என்பதை அந்த நாள் கெட்டியாகச் சொன்னது.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவரின் மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை தந்தது. தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கு. தெற்கே நான்கும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. தனியே கிடந்த செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குள் வந்தது. எல்லை மீண்டும் மலைக்கு ஏறிப்போனது.

செங்கோட்டைக்கு வாய்த்தது எல்லோருக்கும் வாய்க்கவில்லை. அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் இலங்கையிலும் ஒரு கைமாற்றம் நடந்தது. சோல்பரி ஆணைக்குழு வகுத்த அரசியலமைப்பு பற்றி அங்கிருந்த தமிழர்கள் அஞ்சினார்கள், ஜி.ஜி. பொன்னம்பலம் ஐம்பதுக்கு ஐம்பது கேட்டார். எந்த ஓர் இனத்தையும் பாதிக்கும் சட்டம் செல்லாது என்று சொல்லும் 29(2) பிரிவைக் காட்டி, போதுமான காப்பு இருக்கிறது என்றார்கள். 1948 பிப்ரவரி 4 சுதந்திரம். அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் வந்து, மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த சுமார் ஏழு லட்சம் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் அந்தச் சட்டங்கள் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. காப்பு என்று காட்டிய பிரிவு ஒரு தோட்டத் தொழிலாளியின் வாக்கைக்கூடக் காக்கவில்லை. 1964 சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பக் கணக்குப் போட்டது. ஒப்பந்தம் பேசியபோது அந்த ஐந்து லட்சத்தில் ஒருவரையும் கேட்கவில்லை.

ஹாங்காங் இன்னும் அண்மையது. 1997 ஜூலை 1 கைமாற்றத்துக்காக எழுதப்பட்ட அடிப்படைச் சட்டத்தின் வரைவுக் குழுவில் 59 பேர். ஹாங்காங்கிலிருந்து 23 பேர் மட்டும். 1989 தியானன்மென் படுகொலைக்குப் பின் அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கிச் சொன்ன அச்சம், 2020இல் அவர்களுடைய சட்டமன்றத்தைக் கேட்காமலே பெய்ஜிங் கொண்டுவந்த பாதுகாப்புச் சட்டத்தில் வந்து நின்றது.

மலையகத் தமிழருக்கும் ஹாங்காங் மக்களுக்கும் அச்சம் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு போக இடம் இல்லை. செங்கோட்டையின் அச்சத்துக்கு இடம் இருந்தது. பெயர் தென்காசி. ஏழெட்டு கிலோமீட்டரில் அதே மொழியைப் பேசும் மாகாணம் இருந்ததால்தான் அந்தத் தாலுகா தப்பியது. நீதி கிடைத்ததால் தப்பியது என்று சொல்ல நான் தயாரில்லை. தேவிகுளத்துத் தேயிலைத் தொழிலாளிகளும் அதே கோரிக்கையை வைத்தார்கள். அவர்கள் பிழைக்க வந்தவர்கள், நிலையாகத் தங்குபவர்கள் அல்லர் என்று ஆணையம் ஒதுக்கிவிட்டது. இலங்கையில் மலையகத்தாரைப் பற்றிச் சொன்ன அதே வாதம்.

எல்லை போனதில் சில நல்லவையும் போயின. தலைநகரோடு நேரே பேசிப் பழகிய தாலுகா, பெரிய மாவட்டம் ஒன்றின் ஓர் ஓரமானது. மலையாளமும் தமிழும் இயல்பாகப் புழங்கிய அலுவலர், ஆசிரியர் தலைமுறை ஒன்றும் அதோடு முடிந்தது. 2019 நவம்பரில் தென்காசி மாவட்டம் பிறந்தபோது, எல்லையின் இரு கரைகளும் சேர்ந்தே அந்தப் புதிய மாவட்டத்துக்குள் வந்தன. இன்று அந்தச் சாலையில் போகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு அது ஒரு காலத்தில் இரு அரசுகளைக் கடக்கும் சாலை என்று யாரும் சொல்வதில்லை.

எச்சங்கள் உண்டு. குற்றாலத்தில் திருவிதாங்கூர் மன்னர் குடும்பம் தங்கிய அரண்மனை கேரளப் பொதுப்பணித் துறையின் வசம் இருக்கிறது. மார்கழி பிறக்கும்போது அச்சன்கோவில் ஐயப்பனின் ஆபரணப் பெட்டி புனலூர்க் கருவூலத்திலிருந்து புறப்பட்டு, செங்கோட்டை வழியாகத் தென்காசி வந்து, இரு மாநிலப் போலீசாரின் காவலோடு மலைக்குப் போகிறது. தென்காசி மக்கள் கோயில் முன் கூடி வரவேற்கிறார்கள். வாஞ்சிக்குச் செங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 1946, 47ஆம் ஆண்டுகளுக்கு ஒன்றும் இல்லை.

மணிமண்டபம் கேட்கவில்லை, ஓர் அறை போதும். பிரஜா சபையில் செங்கோட்டைப் பிரதிநிதிகள் பேசியது திருவனந்தபுரத்தில் அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸின் தீர்மானங்கள் நாகர்கோவிலில் சிலர் வீடுகளில் பழுப்பேறிக் கிடக்கக்கூடும். சக்கரமும் அஞ்சல் உறையும் செங்கோட்டை, பண்பொழி, ஆய்க்குடி வீட்டுப் பெட்டிகளில் தேடினால் கிடைக்கும். ஜூன் 11 அறிவிப்பைக் கேட்டவர்களில் சிறுவராக இருந்தவர்களுக்கு இப்போது வயது எண்பத்தைந்துக்கு மேல். மாவட்ட நிர்வாகமோ, மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்து வரலாற்றுத் துறையோ இந்த ஆண்டே ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போக வேண்டும்.